டைனிங் காரில் எதிரே யார் உட்காருவார்? ஆம்ட்ராக் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயிலில் இரண்டு நாள் பயணம் என்று யாராவது முடிவெடுத்தால், படுக்கை எப்படி, குளியலறை எப்படி என்ற கேள்விகள் முதலில் வரும். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று கேட்பார்கள்: "சாப்பிடப் போனால் யாரோ தெரியாத ஆளுக்கு எதிரே உட்கார வைத்துவிடுவார்களாமே?" ஆமாம், டைனிங் கார் எனப்படும் சாப்பாட்டுப் பெட்டியில் அப்படித்தான் வைப்பார்கள். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உண்மையிலேயே முன்பின் தெரியாதவர்களோடுதான் சாப்பிட வேண்டுமா?

நீங்கள் நான்கு பேருக்குக் குறைவாக வந்திருந்தால், ஆமாம். ஒவ்வொரு மேசையும் நான்கு பேருக்கானது. தனியாகப் போனால் உங்களோடு இன்னும் மூன்று பேர். கணவன் மனைவியாகப் போனால் எதிரே இன்னொரு ஜோடியோ, தனித்தனியாக வந்த இரண்டு பேரோ. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கம்யூனிட்டி சீட்டிங்'. கூட்டம் இல்லாத நாளில் தனி மேசை கிடைப்பதும் உண்டுதான். அதை நம்பிப் போகாதீர்கள்.

எல்லா ஆம்ட்ராக் ரயிலிலும் இப்படியா?

இல்லை. சமையலறையோடு கூடிய டைனிங் கார் ஓடும் நெடுந்தூர ரயில்களில்தான் இந்த வழக்கம் முழுமையாக இருக்கிறது. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கத்து எமரிவில் வரை போகும் கலிபோர்னியா செஃபிர், சியாட்டிலுக்கும் போர்ட்லாந்துக்கும் போகும் எம்பயர் பில்டர், லாஸ் ஏஞ்சலஸ் போகும் சவுத்வெஸ்ட் சீஃப், சியாட்டிலிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இறங்கும் கோஸ்ட் ஸ்டார்லைட் ஆகியவை முக்கியமானவை.

2018-இல் கிழக்குப் பக்க ரயில்கள் சிலவற்றில் சமைப்பதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே செய்த உணவைத் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2020 பெருந்தொற்றில் மேற்கு ரயில்களும் அதற்கு மாறின. 2021 ஜூன் மாதம் மேற்கு ரயில்களுக்குச் சமையலும் பரிமாறுதலும் திரும்பின. நியூயார்க்கிலிருந்து மயாமி போகும் சில்வர் மீட்டியருக்கு 2023-இல் திரும்பியது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் ரயிலில் எந்த வகைச் சாப்பாடு என்று பார்த்துவிடுங்கள். பொட்டலத்தில் சாப்பாடு வரும் ரயிலுக்கு இந்தப் பக்கத்தில் பாதி தேவைப்படாது.

தனித்தனி மேசை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இடம் குறைந்துவிடும். மேற்கு ரயில்களில் ஓடுவது சூப்பர்லைனர் எனப்படும் இரண்டு அடுக்குப் பெட்டி. கீழே சமையலறை, மேலே சாப்பிடும் இடம். தட்டுகள் ஒரு சின்ன லிஃப்டில் ஏறி வரும். மேலே நடைபாதையின் இரு பக்கமும் சேர்த்து 18 மேசைகள், 72 இருக்கைகள். தனியாக வந்த 18 பேர் ஆளுக்கொரு மேசையைப் பிடித்தால் 54 இருக்கைகள் சும்மா கிடக்கும், வெளியே வரிசை நிற்கும். போதாததற்கு ஒரு சில மேசைகளை ஊழியர்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

யாரோடு உட்காருவது என்பதை நான் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியாது. வாசலில் நிற்பவர் "எத்தனை பேர்?" என்று கேட்பார், கையைக் காட்டுவார், நீங்கள் போய் உட்கார வேண்டியதுதான்.

கேட்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் இந்த ஏற்பாட்டின் நிம்மதியே இதில்தான் இருக்கிறது என்பேன். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். காலியான நாற்காலியைத் தேடும்போது, "இங்கே ஆள் வருதுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அல்லது நாமே ஒருவரைத் தவிர்த்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தோமே என்ற உறுத்தல் இருக்கும். டைனிங் காரில் இரண்டுமே கிடையாது. நீங்கள் அவரைத் தேடிப் போகவில்லை, அவரும் உங்களை அழைக்கவில்லை. இரண்டு பேரையும் மூன்றாவது ஒருவர் உட்கார வைத்திருக்கிறார். கூச்ச சுபாவம் உள்ளவர்கள்தான் இதற்கு அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் அவர்களுக்குத்தான் இது ரொம்பச் சௌகரியம்.

சாப்பாட்டு நேரத்தை எப்படிக் குறிப்பது?

காலைச் சாப்பாட்டுக்குப் பொதுவாக யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். இரவுச் சாப்பாட்டுக்கு டைனிங் கார் ஊழியர் மத்தியானமே பெட்டி பெட்டியாக வந்து, 5 மணியா, 6 மணியா, 7 மணியா என்று கேட்டு எழுதிக்கொள்வார். அவர் வரும் நேரத்தில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து வெளியே பார்க்கும் லவுஞ்ச் பெட்டியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், மிச்சமான நேரம்தான் கிடைக்கும். மதியத்துக்கும் சில ரயில்களில் இப்படி எழுதுவது உண்டு.

ஒரு எச்சரிக்கை. ரயில் ஓட ஓடக் கடிகாரமும் மாறும். செஃபிரில் சிகாகோ நேரம், மலை நேரம், பசிபிக் நேரம் என்று மூன்று உண்டு. சவுத்வெஸ்ட் சீஃப் இன்னும் மோசம்: கோடையில் நியூ மெக்சிகோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது. சாப்பாட்டு நேரம் என்பது ரயில் அப்போது ஓடும் இடத்தின் நேரம். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை நின்றேன்.

கோச் டிக்கெட்காரர்களும் போகலாமா? எவ்வளவு ஆகும்?

படுக்கை அறை எடுத்தவர்களுக்குச் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்ந்தது. இரவுச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை மதுவும் சேரும், 21 வயது ஆகியிருந்தால். கோச்சில், அதாவது படுக்கை அறை இல்லாமல் வெறும் இருக்கையில் வருபவர்களுக்கு, பெருந்தொற்றுக்குப் பிறகு கொஞ்ச காலம் கதவு மூடியிருந்தது. 2023-இல் மேற்கு ரயில்களில் மறுபடி திறந்தார்கள். அப்போது வைத்த விலை காலைக்கு 20 டாலர், மதியத்துக்கு 25, இரவுக்கு 45. இடம் இருந்தால்தான் கோச்சுக்கு. இல்லாவிட்டால் கஃபே காரில் சாண்ட்விச் வாங்கிக்கொள்ளலாம்.

ஜன்னலோரம் யாருக்கு?

முதலில் வருபவர் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வேண்டும். மரியாதைக்காக ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டால், அடுத்து வருபவருக்காக எழுந்து நிற்க வேண்டி வரும், அதுவும் ஆடுகிற ரயிலில். எதிரெதிர் பெஞ்சுகள், முழங்கால் முட்டும் தூரம். பெரிய பை கொண்டு போகாதீர்கள். செருப்போ ஷூவோ கட்டாயம் போட்டிருக்க வேண்டும். காபிக் கோப்பையை முழுக்க நிரப்பச் சொல்லாதீர்கள். வளைவில் அது எதிரே இருப்பவர் மடியில் கொட்டினால் அறிமுகம் கொஞ்சம் சிக்கலாகத் தொடங்கும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. என்ன பேசுவது?

இதுதான் எல்லோரையும் படுத்தும் கேள்வி. பதில் சுலபம்: எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குகிறீர்கள். இந்த இரண்டு கேள்விக்கும் எல்லோரிடமும் பதில் இருக்கிறது. மூன்றாவதாக, "விமானத்தை விட்டு ஏன் ரயில்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கே சூடுபிடிக்கும். விமானம் ஏறப் பயந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் சுற்றும் தம்பதி, எந்த எஞ்சின் எந்த வருஷம் வந்தது என்று ஒப்பிக்கும் ரயில் பைத்தியம், துக்க வீட்டுக்குப் போய்த் திரும்புபவர் என்று எல்லாரும் அந்தப் பெட்டியில் இருப்பார்கள். பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பெயர் கேட்காமலே எழுந்து போனவர்களும் உண்டு.

நம்மில் பலர் மூன்றாவது நிமிடமே கேட்டுவிடும் சில கேள்விகளை மட்டும் பையிலேயே வைத்திருங்கள். என்ன சம்பளம், வயசு என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை ஏன் இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். மறுபடி பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தவரிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பேச்சு வற்றினால் ஜன்னல் இருக்கிறது. சிகாகோவிலிருந்து கிளம்பிய செஃபிர், சொன்ன நேரத்துக்கு ஓடினால், முதல் நாள் மாலைச் சாப்பாட்டு நேரத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும். மேசையில் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே பக்கம் திரும்புவார்கள். மறுநாள் டென்வர் தாண்டி மலை ஏறும்போது மோஃபட் சுரங்கம் வரும். 6.2 மைல் நீளம், ஏறக்குறைய பத்து நிமிடம் இருட்டு. எஞ்சின் புகை உள்ளே வராமல் இருக்க, பெட்டி விட்டுப் பெட்டி நடக்காதீர்கள் என்று அறிவிப்பார்கள். அப்போது காலைச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருந்தால், எதிரே இருப்பவரோடு அங்கேயே இருக்க வேண்டியதுதான். வாயே திறக்காதவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கொலராடோ ஆற்றோரம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அங்கே ரப்பர் படகில் போகிறவர்களுக்கு, ரயிலைக் கண்டால் கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டும் ஒரு நெடுங்கால வழக்கம் உண்டு. பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் ரயில் அங்கே போகும். மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராத அப்பா அம்மாவை அழைத்துப் போகிறேன். அவர்கள் தனியாகச் சமாளிப்பார்களா?

சமாளிப்பார்கள். மெனு அட்டையில் விரலை வைத்துக் காட்டினால் போதும். ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லி அனுப்புங்கள்: சாப்பாடு வருவதற்கு முன் பரிமாறுபவர் எதை எப்படி வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி கேட்பார். முட்டை எப்படி, சாலடின் மேல் ஊற்ற எந்த சாஸ், கடைசியில் என்ன இனிப்பு. எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்று சொன்னால் அவர் மறுபடி கேட்பார். எதிரே இருப்பவரே பல நேரம் உதவிக்கு வந்துவிடுவார். என் அனுபவத்தில், மொழி தெரியாத முதியவர்களோடு உட்கார்ந்தவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைச் செல்போனில் காட்டியே முழுச் சாப்பாட்டையும் ஓட்டிவிடுகிறார்கள்.

நான் சைவம். எதிரே ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிட்டால்?

சாப்பிடத்தான் செய்வார். இந்த ரயில்களில் இரவு மெனுவின் ராஜா ஸ்டேக்தான். முழங்கால் முட்டும் தூரத்தில் அந்தத் தட்டு இருக்கும், வாசனையும் வரும். அதைத் தாங்க முடியாது என்றால் அறைக்கே சாப்பாட்டைக் கொண்டுவரச் சொல்வதுதான் வழி. எதிரே இருப்பவரை மாற்றிக்கொள்ளச் சொல்வதோ, முகம் சுளிப்பதோ வழி அல்ல. மெனுவில் பொதுவாக ஒரு சைவ உணவாவது இருக்கும். ஆனால் இரண்டு நாளும் அதே மெனு என்பதால் அதே உணவை இரண்டு இரவும் சாப்பிட நேரலாம். சூப்பிலும் சாஸிலும் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் ஏன் சைவம் என்று மேசையில் நிச்சயம் யாராவது கேட்பார்கள். சுருக்கமான பதில் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. நீளமான பதில் சொன்னால் அவர் ஸ்டேக் ஆறிப்போகும்.

தலையில் தொப்பி, பழங்கால உடையில் ஒரு குடும்பத்தோடு உட்கார வைத்தார்கள். யார் அவர்கள்?

நவீன வசதிகள் பலவற்றைத் தள்ளி வைத்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களாக இருக்கலாம். பெரும்பாலும் விமானத்தைத் தவிர்ப்பவர்கள் என்பதால் நெடுந்தூர ரயில்களில் நிறையப் பேர் வருவார்கள். தங்களுக்குள் ஜெர்மன் வழிவந்த ஒரு பேச்சுமொழியில் பேசுவார்கள், உங்களோடு நல்ல ஆங்கிலத்தில் பேசுவார்கள். தட்டு வந்ததும் தலையைக் குனிந்து சத்தமில்லாமல் ஜெபம் செய்வார்கள். அதுவரை கரண்டியை எடுக்காமல் இருங்கள், அவ்வளவுதான். படம் எடுக்காதீர்கள். முகம் தெரியப் படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

அரசியல் பேசி வம்பிழுப்பவர் வந்து மாட்டினால்?

"அதோ மான்!" என்று ஜன்னலைக் காட்டுங்கள். இது பாதி விளையாட்டு, பாதி உண்மை. ஓடுகிற ரயிலில் பேச்சை மாற்ற அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதற்கும் அடங்காதவர் என்றால் இனிப்பைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். உங்களை அவமதிக்கும் பேச்சு வந்தால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். பொறுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

டிப்ஸ் வைக்க வேண்டுமா?

சாப்பாடு டிக்கெட்டில் சேர்ந்திருந்தாலும் வைப்பது வழக்கம், கட்டாயம் இல்லை. நான் ஆளுக்குக் காலையில் 3 டாலரும் இரவில் 5 டாலரும் வைப்பேன். சில்லறை நோட்டுகளை ஏறும்போதே எடுத்துப் போங்கள். மேசையில் நான்கு பேரும் தனித்தனிக் கணக்கு. "நான் கொடுக்கிறேன், நீங்கள் இருங்கள்" என்ற தள்ளுமுள்ளு இங்கே செல்லாது.

அறை எண்ணைச் சத்தமாகக் கேட்கிறார்களே, அது பாதுகாப்பா?

நல்ல கேள்வி, குறைவான பேரே கேட்கிறார்கள். பெட்டி எண்ணும் அறை எண்ணும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், அது மேசையில் எல்லோர் காதிலும் விழும். ஆம்ட்ராக் படுக்கை அறைகளை உள்ளிருந்துதான் பூட்ட முடியும், வெளியிலிருந்து பூட்ட முடியாது. ஆகவே பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றையும் சின்னப் பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

யாரோடும் பேச மனம் இல்லை. தப்பிக்க வழி உண்டா?

உண்டு. உங்கள் பெட்டிக்குரிய உதவியாளரிடம் சொன்னால் சாப்பாடு அறைக்கே வந்துவிடும். அவருக்குத் தனியாக ஒரு டிப்ஸ். மேசைக்கே போய் உட்கார்ந்து, "இன்றைக்குக் கொஞ்சம் களைப்பு" என்று சொல்லிவிட்டு அமைதியாகச் சாப்பிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். புத்தகத்தை விரித்து நடுவில் நிறுத்துவதுதான் கொஞ்சம் முரட்டுத்தனம்.

இந்த வழக்கம் எப்போதிருந்து?

டைனிங் கார் அளவுக்குப் பழையது. முன்பெல்லாம் ரயில் நிற்கும் ஊரில் இறங்கி, கிடைத்ததை விழுங்கிவிட்டு ஓடி வர வேண்டும். 1868-இல் ரயில் பெட்டி செய்யும் தொழிலதிபர் ஜார்ஜ் புல்மன் 'டெல்மோனிகோ' என்ற டைனிங் காரை ஓடவிட்டார். நியூயார்க்கின் பிரபல உணவகம் ஒன்றின் பெயர் அது. 1876 முதல் சாண்டா ஃபே என்ற ரயில் கம்பெனியின் பாதையில் ஃபிரெட் ஹார்வி ஸ்டேஷன் உணவகங்களை நடத்தினார். இன்றைய சவுத்வெஸ்ட் சீஃப் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் 'யாரோடும் யாரும்' என்ற விதி அன்று எல்லோருக்கும் இருக்கவில்லை. 1942 மே 17 அன்று எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினத்தவர் வாஷிங்டனிலிருந்து சதர்ன் ரயில்வேயில் பயணம் செய்தார். வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைக் கண்காணிக்கும் அரசுக் குழுவில் அவருக்கு வேலை. சாப்பிடப் போனார். சமையலறையை ஒட்டிய கடைசி மேசைகள்தான் கறுப்பினத்தவருக்கு என்று ஒதுக்கப்பட்டவை, திரைச்சீலையோடு. அதிலும் வெள்ளையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருக்கையாவது காலியாக இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. உங்கள் இருக்கைக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்தார். இடம் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். இரவு 9 மணிக்கு டைனிங் காரையே ரயிலிலிருந்து கழற்றிவிட்டார்கள், அவர் சாப்பிடவே இல்லை.

வழக்கு நடந்தபோது அந்தக் கம்பெனி விதியை மாற்றியது: பத்து மேசை வெள்ளையருக்கு, ஒரு மேசை கறுப்பினத்தவருக்கு, அதற்கும் ஒரு திரை. 1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. ஒரே டிக்கெட் வாங்கிய பயணி, காலி இருக்கை எதிரே இருக்கும்போது தன் நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். அறைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொல்வது இன்று நம் வசதி. ஹெண்டர்சனுக்கு அது மேசையிலிருந்து ஒதுக்கும் வழியாக இருந்தது. வாசலில் நிற்பவர் கையைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இரவு சாப்பிட்டவர்களையே காலையிலும் பார்ப்போமா?

பார்க்கலாம், ஆனால் அதே மேசை கிடைக்காது. நடைபாதையில் தலையசைப்பு, ஸ்டேஷனில் காலாற நடக்கும்போது இரண்டு வார்த்தை, அவ்வளவே இருக்கும். தொலைபேசி எண்ணைக் கேட்கும் வழக்கம் குறைவு. அவர் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்றில்லை.

எம்பயர் பில்டரில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். மேற்கே போகும் ரயிலை நள்ளிரவுக்குப் பிறகு ஸ்போக்கேன் என்ற ஊரில் இரண்டாகப் பிரிப்பார்கள். பாதி சியாட்டிலுக்கு, பாதி போர்ட்லாந்துக்கு. டைனிங் கார் சியாட்டில் பாதியோடு போய்விடும், லவுஞ்ச் காரும் கஃபேயும் போர்ட்லாந்து பாதிக்கு. முந்தைய இரவு எதிரே உட்கார்ந்து, "காலையில் பார்ப்போம்" என்று சொன்னவர், நீங்கள் கண் விழிக்கும்போது வேறொரு ரயிலில் இருப்பார். நீங்கள் போர்ட்லாந்துக்காரர் என்றால் உங்களுக்குக் காலையில் ஓர் அட்டைப் பெட்டியில் குளிர்ந்த சாப்பாடு வரும், எதிரே யாரும் இல்லாமல்.